திருத்தப் பதிவேட்டில் என் பக்கம்

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதற்கு ஒரு கால் குட்டை. போன முறை நீங்கள் எழுதும்போதெல்லாம் அது ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். ஓர் அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தால் சரியாகிவிடும்; வைக்கலாம், வைக்கலாம் என்றே மூன்று வாரம் ஓடிவிட்டது. வீட்டு வேலை என்றால் நான் கொஞ்சம் சோம்பேறிதான். மனைவி இருந்தவரை இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

வெள்ள விசாரணை முடிந்து அறிக்கையும் வெளிவந்த பிறகு உங்களை மறுபடி வரச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான்தான். இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பீர்கள். அறிக்கையை முழுவதும் படித்தேன், நாற்பத்தொரு பக்கம். பதினெட்டாம் பக்கத்தில், 'வரைபடப் பிரிவு முதுநிலை அலுவலரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முதுநிலை அலுவலர் நான். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அதற்காகத்தான் கூப்பிட்டேன். அழுது புலம்பி மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்திருந்தால், வீண் அலைச்சல்தான் உங்களுக்கு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் நீங்கள் வைத்திருந்த நிபுணர், அந்தக் கல்லூரி ஆசிரியர், கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு உங்களைக் குழப்பிவிட்டார். இது அவ்வளவு பெரிய வித்தை இல்லை.

நகரத்தை நூற்றுத்தொண்ணூறு வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கணினியில் ஒவ்வொரு வட்டமும் ஒரு வரி. வட்டத்தின் எண், மக்கள்தொகை எல்லாம் வரிசையாக இருக்கும்; கடைசிக் கட்டத்தில் அதன் எல்லைக்கோடு பாயைப் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆர் என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட மென்பொருளில் இதைத் திறந்து ஒரு நிபந்தனை சொன்னால், அதற்கு உட்பட்ட வரிகள் மட்டும் நிற்கும். மற்றவை தங்கள் எல்லையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். திரையில் நிற்கும் வட்டங்களைச் சுற்றி வெறும் வெள்ளை. மற்றவர்கள் இதை சப்செட் எடுப்பது என்பார்கள். நான் பொறுக்குவது என்பேன், அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அது போல.

அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும்போது எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். எந்த வட்டத்தில் எத்தனை உயரம் தண்ணீர் நிற்கும் என்பது அதில் இருக்கும். அதை வரைபடத்தோடு இணைத்து, அரை மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும் வட்டங்களைப் பொறுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த வட்டங்களில் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நொடியில் எச்சரிக்கை போகும். போலீஸுக்கும் உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதே பட்டியல்தான் வேதம்.

எச்சரிக்கைச் செய்தியின் கடைசி வாக்கியத்தை எழுதியவனும் நான்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால். 'இந்தச் செய்தி வராத பகுதிகள் பாதுகாப்பானவை; அங்கே இருப்பவர்கள் சாலைக்கு வர வேண்டாம்.' அதற்குமுன் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மொத்த ஊரும் தெருவில் இறங்கி, எள் போட்டால் கீழே விழாத அளவுக்கு நெரிசல் இருக்கும். அந்த வாக்கியம் வந்த பிறகு அது நின்றது. எனக்கு அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

எங்கள் பிரிவு மாடியில் இரண்டே அறை. உள்ளறையில் பிரிவுத் தலைவர். வெளியறையில் எதிரெதிராக இரண்டு மேசை. என் மேசை ஜன்னலோரம். எதிரே ஒன்பது வருஷமாக ஒரே பெண்மணி. நான் அவளை எதிர்மேசை என்றுதான் கூப்பிடுவேன், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டியலைப் பொறுக்கியவர், எத்தனை வட்டம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் அதை யோசித்து 'சரி' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பட்டியல் வெளியே போகும். அதற்குப் பிறகு பொறுப்பு 'சரி' சொன்னவருடையது. விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, நீங்களும் படித்தீர்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கனமான பதிவேடு கயிற்றில் தொங்குகிறது. திருத்தப் பதிவேடு. ஆளுக்கு ஒரு பக்கம். வெளியே போன பட்டியலில் பிழை இருந்து அதைத் திருத்தி அனுப்ப வேண்டுமென்றால், பிழை செய்தவர் முதலில் தன் பக்கத்தில் தன் கையால் என்ன தவறு, ஏன் நடந்தது என்று எழுத வேண்டும். தலைவர் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் திருத்தம் போகும். எதிர்மேசையின் பக்கத்தில் பதினோரு வரி. தலைவருக்கே ஆறு. என் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மேலே என் பெயர் மட்டும் இருந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குத் தலைவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "வேலைன்னா இப்படி இருக்கணும்" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வதாகப் பாவனை செய்வேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும், பொய் சொல்வானேன்.

சரி, அன்றைக்கு வருவோம். ஐந்து நாள் மழை. முந்தின நாளே அறுபத்திரண்டு வட்டம் என்று உத்தேசக் கணக்குப் போட்டிருந்தோம். காலை எட்டரைக்கு அணையிலிருந்து தொலைபேசி: பதினோரு மணிக்கு மதகுகளைத் திறக்கிறோம். கூடவே பட்டியலும் வந்தது. ஓடவிட்டுப் பார்த்தேன். அறுபத்திரண்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த அறுபத்திரண்டில் எட்டு வட்டங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வளைவுக்குள் இருந்தன. மூன்று பக்கமும் ஆறு, நாலாவது பக்கம் செங்குத்தான பழைய கல்குவாரி. வெளியே வர ஒரே ஒரு பாலம், அதிலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பதினோராயிரம் பேர் அங்கே இருந்தார்கள். அந்த எட்டில் கடைசி வட்டத்தில், குவாரியை ஒட்டி, என் மகள் இருந்தாள். எட்டு மாதக் கைக்குழந்தையோடு. மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினோராயிரம் பேருக்கும் ஒரே நொடியில் செய்தி போகிறது. எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வருகிறார்கள். வரிசையின் கடைசியில் என் பெண், மடியில் குழந்தை. போன வருஷம் ஒரு லாரி நடுப்பாலத்தில் நின்றுபோய் இரண்டு மணி நேரம் யாரும் நகர முடியாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

அந்த எட்டு வட்டங்களின் எண்கள்தான் நகரத்திலேயே பழையவை. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை. மற்ற வட்டங்களுக்கெல்லாம் பின்னால் புதிதாக மூன்று இலக்க எண் கொடுத்துவிட்டதால், இவற்றுக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்து எழுதியிருப்பார்கள். கணினி அதை எண்ணாகப் படித்தால் முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். வரைபடத்தில் சுழியத்தோடு இருக்கும், பட்டியலில் சுழியம் இல்லாமல் இருக்கும். இரண்டும் ஒட்டாது. ஒட்டாத வட்டத்துக்குத் தண்ணீர் உயரம் காலியாக நிற்கும். அரை மீட்டருக்கு மேலா என்று கேட்டால் அது ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. பொறுக்கும் கட்டளை அப்படிப்பட்ட வரிகளை நிறுத்தி விசாரிப்பதில்லை. சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். எச்சரிக்கை வராது, சிவப்பு எழுத்து வராது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே இதில் ஒருமுறை விழுவார்கள். அப்படி நடக்காமல் இருக்க, எண்ணை எழுத்தாகவே படி என்று ஒரு வரி சேர்ப்போம்.

நான் அந்த ஒரு வரியை அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். ஐம்பத்துநான்கு. திரையில் ஆற்று வளைவு வெள்ளையாக இருந்தது.

"அம்பத்துநாலு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

எதிர்மேசை நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து அறுபத்திரண்டு சொன்னோமேண்ணே?"

"அது உத்தேசம்தானேம்மா. அணையில மட்டத்தை மாத்திட்டாங்க. இப்ப வந்ததுதான் சரியான கணக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். சந்தேகப்பட்டு அல்ல, என் கணக்கில் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. "சரி" என்றாள். ஒன்பது பத்துக்குப் பட்டியல் போய்விட்டது. இந்தப் பேச்சை அவள் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரியும். தான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுக்கொண்டதாக அவள் இன்றுவரை நினைக்கிறாள்.

ஒன்பது பன்னிரண்டுக்கு மாடிப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டேன்.

"குழந்தையைத் தூக்கிட்டு உடனே கிளம்பும்மா. பாலத்தைத் தாண்டி நம்ம வீட்டுக்கு வந்துடு. சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு."

"என்னப்பா, தண்ணி திறக்கறாங்களா? எனக்கு மெசேஜ் ஒண்ணும் வரலையே."

"வரும். அதுக்கு முன்னாடி நீ கிளம்பு."

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அவங்க ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டுத் தனியா இருக்காங்க."

"அவங்களுக்கும் மெசேஜ் வரும். நீ நின்னு பேசிட்டு இருக்காத. கிளம்பு."

நல்ல பெண். சொன்ன பேச்சைக் கேட்பவள். ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கூப்பிட்டு, "தாண்டிட்டேன்பா. பாலத்துல ஒரு வண்டிகூட இல்ல, என்னமோ லீவு நாள் மாதிரி இருக்கு" என்றாள். குழந்தை பின்னால் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, படியிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு என்மேல் ஓர் இரக்கம் வரும். பெற்ற மனம் என்பீர்கள். செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். மணியைக் கவனியுங்கள். ஒன்பது நாற்பத்திரண்டு. மதகு திறக்க இன்னும் எழுபத்தெட்டு நிமிடம் இருந்தது.

அவள் தாண்டியதும் விட்டுப்போன எட்டு வட்டங்களையும் அனுப்பிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அழித்த வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஓடவிட வேண்டும், அனுப்ப வேண்டும். நாலு நிமிட வேலை. மேசைக்கு வந்தேன். எதிர்மேசை தொலைபேசியில் இருந்தாள். வரியைச் சேர்த்து ஓடவிட்டேன். அறுபத்திரண்டு. ஆற்று வளைவு மறுபடி நீலமாக நிரம்பியது. எட்டு வட்டமும் தெரிந்தது.

பிறகு எழுந்து கதவருகே போய்ப் பதிவேட்டைத் திறந்தேன்.

மேலே என் பெயர். கீழே இருபத்திரண்டு வருஷ வெள்ளைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினேன். என்ன எழுதுவது? மகளுக்காக என்று எழுத முடியாது. 'எண்ணில் முன்சுழியம் விடுபட்டது' என்றுதான் எழுத வேண்டும். முதல் மாதத்தில் கற்றுக்குட்டி செய்கிற பிழை. தலைவர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். அதை ஒன்றுக்கு இரண்டு முறை படிப்பார். "நீங்களா?" என்பார். அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்?

பேனாவை மூடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த வரியை இரண்டாவது முறை அழித்துச் சேமித்தேன். ஐம்பத்துநான்கு. அப்போது என் மகள் பாலத்தைத் தாண்டி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

உங்கள் பேனா நின்றுவிட்டது. எழுதுங்கள். இரண்டு முறை அழித்தேன். உங்கள் நிபுணர் கண்டுபிடித்தது ஒன்றைத்தான்.

அதற்குச் சப்பைக்கட்டுக் கட்ட எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் பீதி கிளம்பியிருக்கும், பாலத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் அதிகம் பேர் போயிருப்பார்கள் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தால், மீதமிருந்த நேரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டியிருக்கலாம். மனிதர்களுக்குக் கால் இருக்கிறது என்பது ஒன்பது மணிக்கு எனக்குத் தோன்றவில்லை. பத்து மணிக்குத் தோன்றியது. என் கணக்கு எனக்கு எதிராக வந்தாலும் கணக்கு கணக்குதான்.

பத்து இருபதுக்கு எதிர்மேசை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உதவி எண்ணுலேருந்து கேக்கறாங்க. முப்பத்தாறாம் வட்டத்துல ஒருத்தர் போன் பண்ணிட்டே இருக்காராம். அக்கரைல அவர் அண்ணனுக்கு மெசேஜ் வந்திருக்காம், எங்களுக்கு ஏன் வரலைன்னு கேக்கறாராம்."

"லிஸ்ட்ல இருக்கா பாரு."

"இல்லண்ணே."

"அப்பறம் என்ன? வீட்டுலயே இருக்கச் சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். அந்த வளைவிலிருந்து மொத்தம் நாற்பத்துமூன்று அழைப்பு வந்ததாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. எல்லோருக்கும் அதே பதில். பாலத்துக்கு வந்த சிலரைப் போலீஸ்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அவரைக் குறை சொல்லாதீர்கள், அவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்.

பதினோரு மணிக்கு மதகு திறந்தது. நூற்றெண்பத்தாறு பேர்.

அதன் பிறகு உங்கள் விசாரணை. அந்தக் கல்லூரி ஆசிரியர் முன்சுழியம் காணாமல் போன கதையை மாணவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, "இது யாருக்கும் நேரக்கூடியதுதான்" என்று என்னைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு நேராது ஐயா, எனக்கு நேர்ந்ததே இல்லை என்று. அடக்கிக்கொண்டேன். அடக்கியது தப்பு.

விதிப்படி 'சரி' சொன்னவள் எதிர்மேசை. அவளை வேலையிலிருந்து எடுத்தீர்கள். எனக்கு ஒரு கண்டனக் கடிதம். போன வாரம் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"நான் அன்னைக்கு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்திருக்கணும்ணே. அசட்டையா சரின்னு சொல்லி உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். "விடும்மா. நடந்தது நடந்துபோச்சு" என்றேன். போகும்போது என் காலைத் தொடக் குனிந்தாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இந்த வாக்குமூலத்தால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமென்றால் கிடைக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் உங்களைக் கூப்பிட்டது அவளுக்காக அல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் இங்கே இல்லை. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்காவையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் அடையாளம் காட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து இந்த வாசலில் நின்றாள். "அவங்களுக்கும் மெசேஜ் வரும்னு சொன்னீங்களேப்பா" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அது எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால் நான் மனிதனே இல்லை. ஆனாலும் அவள் உயிரோடு இருந்துகொண்டுதானே எடுக்காமல் இருக்கிறாள்.

அறிக்கை வந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். கதவருகே பதிவேடு திறந்தபடி தொங்கியது. என் பக்கம். என் பெயருக்குக் கீழே, தலைவரின் கையெழுத்தில், சிவப்பு மையில் ஒரு வரி: 'முன்சுழியம் விடுபட்டது, கவனக்குறைவால் நேர்ந்த தவறு.' அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நான் எழுதாமல் விட்ட அதே வரி. நான் அங்கேயே நின்றேன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் இல்லை எனக்கு.

ஆகவே இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வட்டங்களைத் தெரிந்தே நீக்கினேன். அவகாசம் இருந்தும் தெரிந்தே சேர்க்காமல் விட்டேன். நூற்றெண்பத்தாறு பேரையும் கொன்றது நான்தான். கொலை என்றே போடுங்கள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். எந்தச் சிறையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று செய்தால் போதும். அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி, அந்தப் பதிவேட்டில் என் பக்கத்தில் இருக்கும் சிவப்பு வரியை அடிக்கச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தவறும் செய்ததில்லை.